எட்டாவது கட்டம்

ஸ்கேலை அழுத்திப் பிடித்திருந்த இடது கையின் நகங்கள் வெளுத்திருந்தன. வலது கை பேனாவை மெதுவாக இழுத்தது. கோடு முடிந்த பிறகும், மை காயும்வரை ஸ்கேல் தாளைவிட்டு எழவில்லை. பிறகு வலது கை கட்டத்துக்குள் 'ஆம்' என்று எழுதி, கீழே தேதி போட்டு, தாளைக் கவிழ்த்து வைத்தது. ஐந்து தாள்கள் இப்படி முடிந்தன. ஆறாவது தாளில் ஏழு கட்டங்களை நிற்காமல் நிரப்பிய கை எட்டாவது கட்டத்தின் மேல் நின்றது. பேனாவை மூடியது. திறந்தது. மறுபடி மூடியது.

"உண்டு இல்லன்னு எதையாவது எழுதிட்டு வாங்களேன். சோறு ஆறிப்போவுது," என்றாள் செல்வாம்பாள் உள்ளேயிருந்து.

"ஒண்ணுதான் பாக்கி."

"காலையிலேர்ந்து அந்த ஒண்ணுதான் பாக்கி."

கமலக்கண்ணன் தாளை மறுபடி பார்த்தார். எட்டாவது கட்டத்தின் தலைப்பு: 'இலக்கை எல்லோர் முன்னிலும் சொல்கிறாரா?' ஆம் அல்லது இல்லை. தாளில் இருந்த பெயர் ஹேமலதா, வயது பதினாறு, நானூறு மீட்டர். நேற்று நடந்த தேர்வு ஓட்டத்தில் அவள் எடுத்தது 61.2 வினாடி. அவளோடு ஓடிய கலைவாணிக்கு 61.0. பெங்களூரில் நடக்கவிருக்கும் ஒரு மாத முகாமுக்கு நானூறு மீட்டருக்கென்று ஒரே ஒரு இடம்தான். "ரெண்டு பேரும் ஒட்டி நிக்கிறாங்க சார். உங்க ரிப்போர்ட்ட வெச்சுதான் அனுப்பப் போறோம்," என்று தடகளச் சங்கத்தின் செயலாளர் சொல்லியிருந்தார். அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்குள் அறிக்கை அவர் மேசையில் இருக்க வேண்டும்.

கமலக்கண்ணனுக்குச் சங்கம் கொடுத்திருந்த பெயர் மனத்திடப் பயிற்சியாளர். அதற்கென்று அவர் எங்கும் படித்ததில்லை. பத்தொன்பது வருடம் ஒரு மில்லின் டைம் ஆபீசில், கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே வருகிறார்கள் என்று குறித்தவர். அங்கே தினமும் ஒரு பாட்டி சாவாள், ஒரு சைக்கிள் பஞ்சராகும், ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரும். எந்தப் பாட்டி எத்தனை முறை செத்தாள் என்பதற்கு அவரிடம் தனி நோட்டு இருந்தது. பழைய தொழிலாளிகள் அவரை 'சந்தேக முசே' என்பார்கள். முசே என்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஊரில் தங்கிவிட்ட மரியாதைச் சொல். முன்னால் சந்தேகம் என்று சேர்த்துவிட்டதால் மரியாதை எவ்வளவு மிஞ்சியது என்று சொல்வதற்கில்லை.

2003-இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். காலையில் மைதானத்தில் நடக்கப் போன இடத்தில்தான் பிள்ளைகளைப் பார்த்தார். பயிற்சியில் பறக்கும் பிள்ளை போட்டியன்று கோட்டில் நின்றதும் வாந்தி எடுக்கிறது. பக்கத்துப் பாதையில் ஓடுகிறவனைத் திரும்பிப் பார்த்தே ஒருவன் தோற்கிறான். ஆறு மாதம் ஓரமாக உட்கார்ந்து, யார் எந்த நொடியில் கலங்குகிறார்கள் என்று குறித்தார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் சங்கம் அவரை வைத்துக்கொண்டது.

அவருடைய முறைகள் முரட்டுத்தனமானவை. 'தயார்' என்று சொல்லிப் பிள்ளைகளைக் கோட்டில் குனிய வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். மைதானக் காவலாளி மண்ணாங்கட்டி அவர்களுக்குப் பின்னால் நின்று காலி டின்னைத் தட்டிக்கொண்டிருப்பார். யார் தலையைத் திருப்பினாலும் எல்லோரும் முதலிலிருந்து. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும், இன்று எத்தனை வினாடியில் முடிக்கப் போகிறேன் என்பதை ஒவ்வொருவரும் முன்னால் வந்து உரக்கச் சொல்ல வேண்டும்.

இதை அவர் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. வில்லியனூர் பக்கத்தில் அவருடைய அப்பா வரப்பில் நின்று, கதிர் முற்றுவதற்கு முன்பே, "காணிக்கு இருபத்திரண்டு மூட்டை" என்று நாலு வயலுக்குக் கேட்கும்படி சொல்வார். டைம் ஆபீசிலும், "நாளைக்கு ஆறு மணிக்கு நிப்பேன்" என்று ஜன்னலில் சொல்லிவிட்டுப் போனவன் வந்தான். முணுமுணுத்தவன் வரவில்லை. சொல்லாதவனிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்பது கமலக்கண்ணனின் முடிவு.

கலைவாணி விவசாயக் குடும்பத்துப் பெண். "அறுபது செகண்டு சார்!" என்று மைதானம் அதிரச் சொல்வாள். ஹேமலதா கால் விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்பாள். "ஓடறேன் சார்" என்பாள். "எவ்ளோல?" என்றால், "ஓடிட்டு வர்றேன் சார்." மூன்று முறை அதட்டிய பிறகு ஒரு எண் வரும், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

ஏன் என்று அவர் எத்தனையோ விதமாகச் சந்தேகப்பட்டிருந்தார். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளோ என்று ஒருநாள் அவளுடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். "மோரு சார், குடிக்கறீங்களா?" என்றாள். கடற்கரைப் பெண் என்பதால் சுனாமி பயமாக இருக்குமோ என்று நோட்டில் எழுதிக் கேள்விக்குறி போட்டார். கேட்டபோது சிரித்துவிட்டாள். "அன்னிக்கி நாங்க எல்லாரும் சொந்தக்காரங்க வூட்டுக்குத் திண்டிவனம் போயிட்டோம் சார். அலய டிவிலதான் பாத்தேன்." கேள்விக்குறியை அடித்தார். வேறு யாராவது அவளுக்கு ரகசியமாகப் பயிற்சி கொடுக்கிறார்களோ? வீட்டில் முகாமுக்கு அனுப்ப விருப்பமில்லாமல், நன்றாக ஓடாதே என்று சொல்லி வைத்திருக்கிறார்களோ? கடைசிச் சந்தேகம்தான் அவருக்குப் பலமாகப் பட்டது. வீட்டையே போய்ப் பார்த்துவிடுவது என்று அந்த ஞாயிறு மத்தியானம், ஆறிய சோற்றைச் சாப்பிடும்போது முடிவு செய்தார்.

திங்கள்கிழமை விடியும் நேரத்தில் டிவிஎஸ் ஃபிப்டியில் கிளம்பினார். கடலூர் சாலையில் தவளக்குப்பம் போய்க் கிழக்கே திரும்பினால் சாலை மணலில் முடியும். அங்கே ஒரு பெண்ணைக் கேட்டார். அவள் கையைக் காட்டிய இடத்தில் நாலு பேர் ஒரு ஃபைபர் படகைத் தண்ணீரை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதான முத்துவேலு? ஹேமலதா அப்பா?"

அந்த மனிதர் தலையசைத்தார்.

"எங்க, கடலுக்கா போறீங்க?"

நாலு பேரின் கைகளும் படகின் மேல் அப்படியே நின்றன.

"உங்களாண்ட கொஞ்சம் பேசணும். எத்தினி மணிக்குத் திரும்புவீங்க? இன்னிக்கி மீனு எவ்ளோ கெடைக்கும்? மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிருமா?"

முத்துவேல் படகுக்குள் கையை விட்டு, அடுக்கி வைத்திருந்த வலையை அள்ளி மணலில் போட்டார்.

"போச்சுடா," என்றான் படகின் மறுபக்கம் நின்றவன். "யார்ரா இது, காலங்காத்தால?"

"நான் கமலக்கண்ணன். உங்க பொண்ணோட கோச்சு."

"தெரியிது," என்றார் முத்துவேல். "அவளக் கேக்கறது போதாதுன்னு இங்கியும் வந்துட்டீங்களா?"

அவ்வளவுதான். நாலு பேரும் படகை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். கமலக்கண்ணன் மணலில் தனியாக நின்றார். ஒரு கேள்வி கேட்டதற்கு ஒருவன் தொழிலுக்கே போகாமல் வீட்டுக்குத் திரும்புகிறான் என்றால், மறைக்க எவ்வளவு இருக்க வேண்டும்! டைம் ஆபீஸ் ஜன்னலில் இப்படி முகம் இறுகினவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றைச் செய்தவர்களாகவே இருந்திருக்கிறார்கள். அன்று மாலை ஹேமலதா பயிற்சிக்கு வரவில்லை. அவர் நோட்டில் நேரத்தோடு குறித்தார்: '5.30, வரவில்லை. காரணம் சொல்லவில்லை.'

செவ்வாய்க்கிழமை காலை ரெட்டியார்பாளையத்தில் அவர் வீட்டு வாசலில் ஒரு மீன் கூடை இறங்கியது.

"கோச்சு வூடு இதான?"

கமலக்கண்ணன் வெளியே வந்தார். கூடைக்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள். "நான் ஹேமலதா அம்மா, அஞ்சம்மா. இங்கத்தி தெருவுல விக்கறவ இல்ல நான். ரெண்டு டெம்போ மாறி உன்னப் பாக்கணும்னே வந்தேன். படிச்சவராதான் தெரியிற. கடலுக்குப் போறவனப் பாத்து எங்க போறன்னு கேக்கலாமா?"

"கேட்டா என்னா?"

"கேட்டா என்னாவா? நாலு ஆளு பொழப்பு ஒரு நாளு போச்சு. எம் பொண்ண அனுப்ப வேணாம்னா அனுப்பாத. எங்க படகாண்ட வராத."

"ஒரு கேள்விக்குப் பயந்து வூட்டுக்குப் போறவர நான் என்னான்னு நெனைக்கிறது?"

"நெனைச்சுக்க! நெனைக்கறதுக்குத்தான உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க!"

செல்வாம்பாள் எட்டிப் பார்த்தாள். சண்டையைவிடக் கூடை அவள் கண்ணில் பட்டது. கீழே உட்கார்ந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"சங்கரா நல்லாதான் இருக்குது. வஞ்சிரம் இல்லியா?"

"இன்னிக்கி இல்லம்மா."

"நாளைக்கிக் கொண்டாருவியா? எந்தங்கச்சி வூட்டுக்காரரு வர்றாரு."

அஞ்சம்மாளின் குரல் வியாபாரத்துக்குத் திரும்பியது. "கொண்டாறேன்னு சொல்ல மாட்டேம்மா. இருந்தா கூடையில இருக்கும். பாத்துக்கலாம்."

"அது என்னா பதிலு?" என்றார் கமலக்கண்ணன். "வருமா வராதா?"

"தண்ணிக்குள்ள கெடக்கறத நான் கரையில நின்னு சொல்றதா? சொன்னா வராது சார். வலைய இழுத்து, படகு மணல்ல ஏறினப்பறந்தான் வாயத் தொறப்போம். எங்கம்மா வூட்லயும் அப்படிதான், மாமியா வூட்லயும் அப்படிதான்."

கமலக்கண்ணன் ஒரு படி கீழே இறங்கினார். "ஹேமலதாவும் அப்படிதானா?"

"அவ மட்டும் வேற கடலாண்ட பொறந்தாளா? இன்னிக்கும் சொல்ல வெச்சுட்டாரும்மா, கால் வரவே இல்லன்னு வந்து அழுவுறா. நானும் சொல்லிப் பாத்துட்டேன், அது ஓட்டம்டி, மீனு இல்லன்னு. கேட்டாதான?"

செல்வாம்பாள் சங்கரா வாங்கினாள். அஞ்சம்மாள் போன பிறகு, "பாவம்," என்றாள்.

"பாவமா இல்லியான்னு பாக்கணும்," என்றார் கமலக்கண்ணன். அம்மாவும் பொண்ணும் பேசி வைத்துக்கொண்டு வந்த கதையாகவும் இது இருக்கலாம். பாட்டி செத்த கதைகளும் கேட்கும்போது இப்படித்தான் உண்மையாகத் தோன்றின. கதை நல்லதாக இருந்தால் அவர் இரண்டு மடங்கு சரிபார்ப்பார்.

சரிபார்க்க அவரிடம் நோட்டு இருந்தது. மூன்று மாத ஓட்டங்களை ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். ஹேமலதாவின் நேரம் 61.5, 62.0, 61.8 என்று போய்க்கொண்டே இருந்தது. ஓர் இடத்தில் மட்டும், அடுத்தடுத்து நாலு நாள், 60.4, 60.2, 60.5, 60.2. அவர் இதை முன்பே பார்த்திருக்கிறார். பார்த்து, 'நம்ப முடியாது' என்று ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். அந்த நாலு நாளும் அண்ணன் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால் அவர் மைதானத்துக்குப் போகவில்லை. ஸ்டாப்வாட்சைப் பிடித்தவர் மண்ணாங்கட்டி.

அன்று மத்தியானமே மைதானத்துக்குப் போய், வேப்பமரத்தடியில் படுத்திருந்தவரை எழுப்பினார்.

"அந்த நாலு நாளும் வாட்ச்ச எப்படி அழுத்துன?"

"விரலாலதான் சார்."

"தூங்கிட்டே அழுத்துனியா? ஹேமலதாவுக்கு ஒன்றரை செகண்டு கொறைச்சுப் போட்டிருக்க."

மண்ணாங்கட்டி எழுந்து உட்கார்ந்தார். "அப்படின்னா எல்லாருக்கும் கொறையணுமே சார். ஒரு புள்ளைக்கி மட்டுமா என் விரல் தூங்கும்?"

கமலக்கண்ணன் நோட்டைப் பிரித்தார். மற்ற ஐந்து பேருக்கும் அந்த நாலு நாளில் நேரம் குறையவில்லை. கலைவாணிக்கு அரை வினாடி கூடவே ஆகியிருந்தது.

"ஓடறதுக்கு முன்னாடி எல்லாரையும் சொல்லச் சொன்னியா?"

"அத நீங்கதான சார் கேப்பீங்க? நான் விசில் ஊதுனேன், ஓடுனாங்க. எனக்கு அவ்ளோதான் தெரியும்."

புதன்கிழமை மாலை ஹேமலதா வந்தாள். யாரையும் பார்க்காமல் பூட்சுக் கயிற்றைக் கட்டினாள். பிள்ளைகள் வழக்கம்போல் வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவள் முறை வந்தபோது கமலக்கண்ணன், "நீ போயி நில்லு," என்றார்.

அவள் நகரவில்லை. அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். "ஏன் சார், என்னக் கேக்கல? பேர எடுத்துட்டீங்களா?"

"எடுக்கல. போ."

60.4.

ஒரு நாளை வைத்து எதையும் சொல்ல முடியாது. காற்று திரும்பியிருக்கலாம். இரண்டு நாள் ஓய்வு கிடைத்ததால் கால் லேசாக இருந்திருக்கலாம். வியாழக்கிழமை அவளை முன்னால் கூப்பிட்டு, "எவ்ளோல?" என்று கேட்டார். அவள் முகம், மணலில் அவளுடைய அப்பாவின் முகம் இறுகியதுபோலவே இறுகியது. "அறுபது," என்றாள். பக்கத்தில் நின்ற கலைவாணிக்கே அது கேட்கவில்லை. 62.3. ஓடி முடித்ததும் நேராக அவரிடம் வந்தாள். மூச்சு அடங்கவில்லை.

"நேத்து வுட்டீங்களே சார். இன்னிக்கி ஏன் கேட்டீங்க?"

"சோதிக்கணும். ஒரு தடவ பாத்தா பத்தாது."

"நாளைக்கி எங்கப்பாவையும் போயி மறுபடி கேட்டு சோதிப்பீங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். மண்ணாங்கட்டியும் டின்னை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு சிரித்தார். கமலக்கண்ணன் நோட்டில் 62.3 என்று எழுதி, பக்கத்தில் 'கேட்டேன்' என்று எழுதினார். அந்தச் சொல்லை எழுதும்போது அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் அடிக்கோடு போட்டார்.

வெள்ளிக்கிழமை கேட்கவில்லை. டின் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகவே இருந்தது. கோட்டில் அவளை நாலு நிமிடம் குனிய வைத்தார். அவள் தலை திரும்பவில்லை. 60.1. கலைவாணி வழக்கம்போல் "அறுபது!" என்று முழங்கி 60.9-இல் முடித்தாள். அவளுடைய சிறந்த ஓட்டம் அது.

அன்று வீட்டுக்குத் திரும்பியவர் நேராக மேசை முன் உட்கார்ந்தார். எட்டாவது கட்டத்தில் உண்மையை எழுதினால் 'இல்லை' என்றுதான் எழுத வேண்டும். 'இல்லை' என்று இருந்தால் முகாமுக்குக் கலைவாணிதான் போவாள். அதில் பொய் எதுவும் இருக்காது. 'ஆம்' என்று எழுதினால், இந்த வார நேரங்களை வைத்து ஹேமலதா போவாள். அது பொய். மூன்றாவது வழியில் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். எட்டுக் கட்டங்களையும் போட்டவர் அவர். அந்தத் தாளை அடுத்த மாதம் அச்சடித்து எல்லா விளையாட்டுகளுக்கும் கொடுக்கப் போவதாகச் சங்கம் சொல்லியிருந்தது. கேட்பதே தப்பு என்று அவரே எழுதிக் கொடுத்தால், பிறகு அவர் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். மில்லிலும் இப்படித்தான் ஒருநாள் கேட்டார்கள்.

அப்பாவின் நினைவு வந்தது. இருபத்திரண்டு மூட்டை என்று வரப்பில் நின்று சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. எத்தனை மூட்டை வந்தது என்பதை யாரும் குறித்து வைத்ததில்லை.

செல்வாம்பாள் பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னுமா அந்த ஒண்ணு பாக்கி?"

"எழுதப் போறேன்."

ஸ்கேலை வைத்து அழுத்தினார்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சங்க அலுவலகத்தில் செயலாளருக்கு எதிரே உட்கார்ந்தார். ஃபைலை மேசையில் வைத்தார். ஆனால் ஒரு கை அதன் மேலேயே இருந்தது. செயலாளர் அந்தக் கையைச் சுற்றித்தான் தாள்களைப் புரட்ட வேண்டியிருந்தது.

"கலைவாணி நல்லா வந்திருக்கு. எல்லாம் ஆம். கணீர்னு சொல்லும் அந்தப் பொண்ணு." அடுத்த தாளுக்கு வந்தவர் நின்றார். "இது என்னா சார், எட்டாவதுல? 'கேட்கக்கூடாது'ன்னு எழுதியிருக்கு?"

"ஆமா."

"ஆம், இல்லன்னு ரெண்டுதான இருக்குது?"

"இந்தப் பொண்ணுக்கு மூணு."

"கேக்கறதுதான சார் உங்க வேல?"

"கேட்டா அறுபத்திரெண்டு. கேக்காட்டி அறுபது. பின்னால மூணு பக்கம் இருக்குது, தேதி போட்டு. மண்ணாங்கட்டி புடிச்ச நாலு நாளையும் தனியா எழுதியிருக்கேன். எது வாட்ச்சுத் தப்பு, எது என் தப்புன்னு நீங்களே பாருங்க."

செயலாளர் பின்பக்கங்களைப் படித்தார். கடைசி வரியை வாய்விட்டுப் படித்தார்: "'முகாமில் இவரிடம் ஓட்டத்துக்கு முன் எதையும் கேட்க வேண்டாம். எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்க வேண்டாம்.'" தலையைத் தூக்கினார். "இத அப்படியே பெங்களூருக்கு அனுப்பவா? சிரிப்பாங்க சார்."

"சிரிக்கட்டும். ஓடவெச்சுப் பாத்துட்டுச் சிரிக்கச் சொல்லுங்க."

"அப்ப அச்சடிக்கப் போற ஃபாரம்?"

"எட்டாவது கட்டத்த எடுத்துட்டு அடிங்க. இல்ல, நான் ஒத்து வரலன்னா வேற ஆளப் பாத்துக்கிட்டு அடிங்க."

செயலாளர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "அப்ப ஹேமலதாவா?"

"ஹேமலதா."

செயலாளர் பட்டியலை எடுத்து நானூறு மீட்டருக்கு நேராக அந்தப் பெயரை எழுதினார். பிறகு ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார். அது வரவில்லை. கமலக்கண்ணனின் விரல்கள் அதன் ஓரத்தைப் பிடித்திருந்தன.

"வாங்கிக்கிட்டதுக்கு சீலு?" என்றார்.

"நம்ம ஆபீசுலயே எம்மேல சந்தேகமா சார்?"

"எல்லார் மேலயுந்தான்."

செயலாளர் சிரித்துக்கொண்டே சீலைத் தேடி எடுத்து, மைப்பெட்டியில் ஒற்றி, ஒவ்வொரு தாளிலும் குத்தினார். தேதி போட்டார். கமலக்கண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "மணியும் போடுங்க, ஒம்பது அம்பத்தெட்டு," என்றார். அவர் எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, ஃபைலை விட்டார்.